ஏஆர்: ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டுதல்

பூக்கடைக் கணக்கு போடும் புரோகிராமை முந்தைய அத்தியாயத்தில் மூன்று சி கோப்புகளாகப் பிரித்தோம். நிலக்கோட்டையிலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ வரும் மல்லிகை மூட்டையை நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, நிகர எடை சொல்வது எடை.சி. அன்றைய கிலோ விலையால் அதைப் பெருக்குவது விலை.சி. கமிஷனைக் கழித்து, விவசாயி கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டை அச்சடிப்பது ரசீது.சி. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபங்ஷன்: நிகரம், மதிப்பு, சீட்டு. சீட்டு மதிப்பை அழைக்கும், மதிப்பு நிகரத்தை அழைக்கும். இந்தச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முழுவதும் இதே சங்கிலிதான் வரும்.

இந்த மூன்றையும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பத்துக் கடைகள் பயன்படுத்தப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை முகப்பு மாறும், எடையும் விலையும் ரசீதும் மாறாது. ஒவ்வொரு கடைக்கும் மூன்று ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தனித்தனியாகக் கொண்டுபோனால் ஒன்று விட்டுப்போகும், அல்லது பழையது ஒன்று கலந்துவிடும். மூன்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. அதற்கான கருவிதான் ஏஆர்.

தட்டுவது பற்றி ஒரு சொல். நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் ஆசிரியர் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல, மாணவர் தட்டுவது வழக்கம். இந்த நூலும் அதையே பின்பற்றுகிறது. கட்டளைப் பெயர், குறி, புள்ளிக்குப் பின்னால் வரும் சி, ஓ, ஏ ஆகியவற்றை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். எடை, விலை, ரசீது, மண்டி போன்ற பெயர்களைத் தமிழிலேயே தட்டுங்கள். லினக்ஸ் அதை அப்படியே ஏற்கும். ஃபங்ஷன் பெயரையும் தமிழில் வைக்க ஜிசிசி 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், 2020-இல் வந்தது. உங்களிடம் அதைவிடப் பழையது இருந்தால் ஃபங்ஷன் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

கட்டுவதற்கு இரண்டே வரி:

ஜிசிசி -சி எடை.சி விலை.சி ரசீது.சி

ஏஆர் ஆர்சிஎஸ் லிப்மண்டி.ஏ எடை.ஓ விலை.ஓ ரசீது.ஓ

முதல் வரி மூன்று ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தரும். இரண்டாவது வரி அவற்றை லிப்மண்டி.ஏ என்ற ஒரே கோப்பாகக் கட்டும். லிப் ஆங்கிலத்தில், மண்டி தமிழில். ஆர்சிஎஸ் என்பதில் ஆர் என்றால் உள்ளே சேர், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை மாற்று. சி என்றால் கட்டு இல்லாவிட்டால் எதுவும் சொல்லாமல் புதிதாக உருவாக்கு. எஸ் என்றால் சிம்பல் அட்டவணையையும் எழுது. குனு பதிப்பில் எஸ் போடாவிட்டாலும் அட்டவணை தானாக வந்துவிடும், ஆனாலும் போட்டுவிடுங்கள். எல்லா ஊர் யூனிக்ஸும் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளாது.

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இந்த இரண்டு வரியோடு அத்தியாயத்தை முடித்துவிடுகின்றன. மாணவர்கள் தடுமாறுவது இதற்கு அப்பால்தான். லிங்கர் விநோதமான பிழை சொல்லும்போது கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஏஆர் கட்டும் கோப்பு, கண்ணால் படித்தே புரிந்துகொள்ளக்கூடிய அளவுக்கு எளிமையானது. ஒரே ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்: உள்ளே வைப்பது என்னவென்று ஏஆருக்குக் கவலை இல்லை.

ஏஆர் 1971-இல் யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது. அப்போது அது எந்தக் கோப்பையும் சேர்த்துக் கட்டும் பொதுக் கருவி. 1979-இல் ஏழாம் பதிப்போடு டார் வந்தது; கோப்புறைகளை மொத்தமாகக் கட்டி டேப்பில் ஏற்றும் வேலை டாரிடம் போனது. ஏஆரிடம் முக்கியமாக மிஞ்சியது லைப்ரரி கட்டும் வேலை. பழைய பொதுக் குணம் மட்டும் போகவே இல்லை. ஒரு கவிதைக் கோப்பையோ படத்தையோ கொடுத்துப் பாருங்கள், மறுபேச்சில்லாமல் கட்டிவிடும்.

இப்போது கட்டைத் திறந்து பார்ப்போம். இங்கே டி என்பது தேநீருக்கு வரும் ஆங்கில எழுத்து.

ஏஆர் டி லிப்மண்டி.ஏ

எடை.ஓ, விலை.ஓ, ரசீது.ஓ என்று மூன்று வரி வரும். விவரம் வேண்டுமென்றால் டிவி:

ஏஆர் டிவி லிப்மண்டி.ஏ

ஒவ்வொரு உறுப்புக்கும் அனுமதி, உரிமையாளர் எண், அளவு, தேதி ஆகியவை வரும். தேதியைப் பார்த்துத் திகைக்காதீர்கள். இன்று மதியம் கட்டிய கோப்புக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி என்று போட்டிருக்கும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஏஆர் நேரத்தையும் உரிமையாளரையும் வேண்டுமென்றே சுழியாக எழுதுகிறது. யூனிக்ஸ் கடிகாரத்தின் சுழி என்பது கிரீன்விச்சில் நள்ளிரவு. இந்திய நேரத்தில் அதுவே விடியற்காலை ஐந்தரை. எதற்கு இந்த ஏற்பாடு? ஒரே மூலக் கோப்புகளை ஒரே கம்பைலரால் இன்றும் நாளையும், உங்கள் கணினியிலும் நண்பர் கணினியிலும் கட்டினால், ஒரு பைட்கூட மாறாத ஒரே கோப்பு கிடைக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் கொடுத்த கட்டை மற்றொருவர் தானே கட்டிப் பார்த்து, இடையில் எதுவும் நுழைக்கப்படவில்லை என்று உறுதிசெய்ய முடியும். டெபியன்காரர்கள் இதற்காகப் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள், அந்த உழைப்புக்கு என் முழு மரியாதை உண்டு. உண்மையான நேரம்தான் வேண்டும் என்றால் ஆர்சிஎஸ் என்பதோடு பெரிய யு ஒன்றைச் சேருங்கள். சிறிய யு வேறு. புதிதாக மாறியவற்றை மட்டும் சேர் என்று அதற்குப் பொருள். நேரமே சுழியாக இருக்கும்போது எது புதிது என்று ஒப்பிட வழியில்லை, அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஏஆர் எச்சரிக்கும். பழைய மேக்ஃபைல்களில் ஆர்யு என்று இருப்பதால் இந்த எச்சரிக்கையை அடிக்கடி பார்ப்பீர்கள். அதில் ஆபத்து எதுவும் இல்லை.

இன்னும் உள்ளே போகலாம்.

ஹெட் -சி 68 லிப்மண்டி.ஏ

கோப்பின் முதல் 8 பைட் எப்போதும் ஒன்றுதான்: ஆச்சரியக்குறி, கோணக்குறிகளுக்கு நடுவில் ஆர்ச் என்ற நான்கு எழுத்து, ஒரு புதுவரி. அதை அடுத்து ஒவ்வொரு உறுப்புக்கும் 60 பைட் ஹெடர். சந்தைக்கு வரும் பூ மூட்டையின் வாயில் யாருடையது, எவ்வளவு என்று எழுதிக் கட்டியிருக்கும் சீட்டுக்குச் சமம் அது. பெயருக்கு 16 பைட், நேரத்துக்கு 12, உரிமையாளர் எண்ணுக்கு 6, குழு எண்ணுக்கு 6, அனுமதிக்கு 8, அளவுக்கு 10, முடிவுக் குறிக்கு 2. அனைத்தும் சாதாரண எழுத்தும் எண்ணும்தான், மிச்ச இடத்தில் வெற்றிடம். தொடக்க கால யூனிக்ஸில் இது பைனரியாக இருந்தது; ஒரு கணினியில் கட்டியதை வேறு வகைக் கணினியில் பிரிக்க முடியாமல் போனதால் பின்னால் எழுத்து வடிவத்துக்கு மாற்றினார்கள். அளவுக்குப் பத்து இலக்கம்தான் என்பதால் ஒரு உறுப்பு பத்து ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்க முடியும். நமக்கு அந்தக் கவலை வராது. உறுப்பின் அளவு ஒற்றைப்படையாக இருந்தால், அடுத்த ஹெடர் இரட்டைப்படை இடத்தில் தொடங்குவதற்காகக் கடைசியில் ஒரு புதுவரி பைட்டைச் சேர்ப்பார்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குப் பெயரின் 16 பைட்டில் ஒரு செய்தி இருக்கிறது. குனு வடிவத்தில் பெயரின் முடிவில் ஒரு சாய்கோடு போடுவதால் நமக்குக் கிடைப்பது 15. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை. உயிர்மெய்யின் கொம்பும் கொக்கியும் தனிக் குறியீடுகள். எடை என்பது எ, ட, ஐகாரக் குறி என மூன்று, ஆக 9 பைட். புள்ளியும் ஓவும் சேர்ந்து 11. விலை நான்கு குறியீடு, 12 பைட், மொத்தம் 14. இரண்டும் ஹெடருக்குள் அடங்கிவிடும். ரசீது ஐந்து குறியீடு, 15 பைட், மொத்தம் 17. அடங்காது. அதனால் ஏஆர் அந்தப் பெயரை நீண்ட பெயர்களுக்கென்று வைத்திருக்கும் இரட்டைச் சாய்கோட்டு உறுப்பில் எழுதிவைத்துவிட்டு, ஹெடரில் சாய்கோடும் சுழியும் மட்டும் போடும்: அந்தப் பட்டியலின் சுழியாம் இடத்தில் பார் என்று. டிவி போடும்போது முழுப் பெயரும் சரியாகவே வரும், எதுவும் வெட்டுப்படாது. ஹெக்ஸ்டம்ப் போட்டு நேரடியாகப் படிக்கும்போது ரசீது எங்கே போனது என்று தேடுவீர்கள், அப்போது இது உதவும்.

நீண்ட பெயரைக் கையாளும் முறை ஊருக்கு ஊர் வேறு. பிஎஸ்டி வழி வந்த கணினிகளும் மேக்கும் ஹெடரில் பெயரின் நீளத்தை எழுதிவிட்டு, பெயரை உறுப்பின் தலைப்பகுதியிலேயே வைக்கின்றன. ஏஆர் கட்டளைக்குப் போசிக்ஸ் தரம் உண்டு, கோப்பின் உள்வடிவத்துக்கு இல்லை. ஆகையால் மேக்கில் கட்டிய ஏ கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூலக் கோப்பைக் கொண்டுவாருங்கள்.

ஹெட் கட்டளை காட்டிய முதல் உறுப்பின் பெயர் வெறும் சாய்கோடாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் சிம்பல் அட்டவணை. எந்த ஃபங்ஷன் எந்த உறுப்பில், கோப்பின் எத்தனையாவது பைட்டில் என்பதற்கான பட்டியல் அது. படிக்கும் வடிவில் பார்க்க:

என்எம் -எஸ் லிப்மண்டி.ஏ

நிகரம் எடை.ஓவில், மதிப்பு விலை.ஓவில், சீட்டு ரசீது.ஓவில் என்று மேலேயே வரும். முன்பு இந்த அட்டவணையை எழுத ரான்லிப் என்று தனிக் கருவி இருந்தது. இன்றும் இருக்கிறது, எஸ் செய்யும் அதே வேலையைத்தான் அது செய்கிறது. அட்டவணைகூட இல்லாத காலத்தில் உறுப்புகளைச் சரியான வரிசையில் அடுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு லார்டர், டிசார்ட் என்று இரண்டு கருவிகளைப் பயன்படுத்தினார்கள். இப்போது, ஒரே ஃபங்ஷன் இரண்டு உறுப்புகளில் இல்லாதவரை, கட்டுக்குள்ளே எந்த உறுப்பு முன்னால், எது பின்னால் என்பது லிங்கருக்குப் பொருட்டில்லை.

கட்டுக்கு வெளியே வரிசை பெரிய பொருட்டு. மாணவர்கள் அதிகம் அவதிப்படும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கடை.சி என்பது கடைக்காரரின் முகப்பு, அது சீட்டை அழைக்கிறது.

ஜிசிசி கடை.சி -எல். -எல்மண்டி -ஓ கணக்கு

முதல் எல் பெரியது: இந்தக் கோப்புறையிலும் தேடு என்று பொருள், பின்னால் உள்ள புள்ளி இந்தக் கோப்புறையைக் குறிக்கும். இரண்டாவது எல் சிறியது: லிப் என்று முன்னாலும் ஏ என்று பின்னாலும் சேர்த்துக்கொண்டு மண்டியைத் தேடு. இது ஓடும். இதையே மாற்றி, -எல்மண்டி முதலிலும் கடை.சி பிறகும் வரும்படி எழுதினால், சீட்டு என்ற பெயருக்கு அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று லிங்கர் நின்றுவிடும். கோப்புகள் அதே, பெயர்கள் அதே, ஆனாலும் பிழை.

குனு லிங்கர் வரியை இடமிருந்து வலமாக ஒரே முறைதான் நடந்துபோகும். கையில் ஒரு தேடல் பட்டியல் வைத்திருக்கும்: அழைக்கப்பட்டும் இன்னும் கிடைக்காத பெயர்கள். ஏ கோப்பைச் சந்திக்கும்போது அட்டவணையைத் திறந்து, பட்டியலில் உள்ள பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும் உறுப்பை மட்டும் எடுக்கும். அந்த உறுப்பு புதிய பெயர்களைக் கேட்டால் அதே கட்டில் மீண்டும் தேடும். நம் சங்கிலி அப்படித்தான் முழுமையடைகிறது: சீட்டுக்காக ரசீது.ஓ, மதிப்புக்காக விலை.ஓ, நிகரத்துக்காக எடை.ஓ. எடுப்பதற்கு எதுவும் மிஞ்சாதபோது கட்டை மூடிவிட்டு நகர்ந்துவிடும். திரும்பி வராது. மண்டியை முதலில் வைத்தால், அந்த நேரத்தில் தேடல் பட்டியலில் சீட்டு இல்லை. எதையும் எடுக்காமல் கடந்துவிடுகிறது. பிறகு கடை வந்து சீட்டைக் கேட்கும்போது கட்டு பின்னால் போய்விட்டது.

ஆகவே அழைப்பவர் இடப்பக்கம், அழைக்கப்படுபவர் வலப்பக்கம். இரண்டு கட்டுகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டால் ஒன்றை இரண்டு முறை எழுதலாம், அல்லது ஸ்டார்ட்-குரூப், எண்ட்-குரூப் என்ற லிங்கர் குறிகளுக்கு நடுவே இரண்டையும் வைக்கலாம். எல்எல்டி போன்ற புதிய லிங்கர்கள் கடந்துபோன கட்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. அதை நம்பி வரிசையைக் கலைத்து எழுதாதீர்கள். உங்கள் கோப்பை வாங்கும் நண்பரிடம் பழைய லிங்கர் இருக்கலாம்.

லிங்கர் எடுப்பது ஃபங்ஷனை அன்று, உறுப்பு முழுவதையும். ஒரு ஓ கோப்பில் பத்து ஃபங்ஷன் இருந்து உங்களுக்கு ஒன்று மட்டும் தேவைப்பட்டாலும் பத்தும் உள்ளே வரும். சி லைப்ரரியையே பாருங்கள். டெபியன் வகைக் கணினியில் லிப்சி.ஏ என்ற கோப்பைத் தேடி ஏஆர் டி போட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுசிறு உறுப்புகள் ஓடும். பிரின்ட்எஃப் தனி ஓ, ஸ்டிரிங் நீளம் அளப்பது தனி ஓ. அவ்வளவு பொடியாக நறுக்கியிருப்பது இதற்காகத்தான். நாமும் ஒரு கோப்பில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டதற்குப் பலன் இங்கே கிடைக்கிறது.

இதன் இன்னொரு விளைவு பலருக்குத் தெரிவதில்லை. பொங்கல் சமயத்தில் விலை தாறுமாறாக ஏறும்போது ஒரு கடைக்காரர் தனக்கென்று வேறு கணக்கு கேட்கிறார், நீங்கள் கடை.சிக்குள்ளேயே மதிப்பு என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். அதே பெயர் கட்டுக்குள்ளும் இருக்கிறது. மோதுமா? விலை.ஓவில் மதிப்பு மட்டும் இருந்தால் மோதாது. பெயர் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் லிங்கர் விலை.ஓவைத் தொடவே தொடாது, உங்களுடையது ஓடும். ஆனால் விலை.ஓவிலேயே கமிஷன் என்று இன்னொரு ஃபங்ஷன் இருந்து ரசீது அதைக் கேட்டால், உறுப்பு முழுதாக உள்ளே வரும், மதிப்பு இரண்டாகிவிடும், மல்டிபிள் டெஃபினிஷன் என்று பிழை வரும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நான் எதையுமே மாற்றவில்லை என்று ஒருவர் சொல்லும்போது முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பழைய உறுப்பு கட்டுக்குள் தங்கிப்போவது இதைவிட மோசமானது, ஏனென்றால் பிழையே வராது. எடை.சி என்ற பெயர் பிடிக்காமல் நிறுவை.சி என்று மாற்றி, சாக்கு எடையில் இருந்த ஒரு பிழையையும் திருத்துகிறீர்கள். நிறுவை.ஓவைக் கட்டில் சேர்க்கிறீர்கள். ஆர் என்பது அதே பெயருள்ளதைத்தான் மாற்றும். எடை.ஓ அங்கேயே கிடக்கும். இப்போது நிகரம் இரண்டு உறுப்புகளில் இருக்கிறது. லிங்கர் முதலில் கண்டதை, அதாவது பழைய எடை.ஓவை எடுத்துக்கொள்ளும். திருத்திய கணக்கு விவசாயியின் சீட்டுக்கு வந்து சேரவே சேராது. ஒரு மூட்டைக்குக் கால் கிலோ தவறினாலும் அது ஒருவருடைய உழைப்பு. ஏஆர் டி போட்டால் எடை, நிறுவை இரண்டும் கண்முன் நிற்கும். நீக்க:

ஏஆர் டி லிப்மண்டி.ஏ எடை.ஓ

இங்கே எச்சரிக்கை: தமிழில் இரண்டும் டி என்றாலும் பட்டியலிட தேநீருக்கு வரும் ஆங்கில எழுத்து, நீக்க அகர வரிசையின் நான்காம் எழுத்து. மாற்றித் தட்டிவிட்டுக் கோப்பை இழக்காதீர்கள்.

என் உறுதியான கருத்து, கட்டை ஒருபோதும் ஒட்டுப்போட்டுப் புதுப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு முழுதாகக் கட்டுங்கள். மேக்ஃபைலில் லிப்மண்டி.ஏவுக்குரிய விதியின் கீழ், டேப் வைத்து இரண்டு வரி:

ஆர்எம் -எஃப் $@

ஏஆர் ஆர்சிஎஸ் $@ $^

இன்றைய கணினிக்கு இது ஒரு நொடிகூட ஆகாது. இதே காரணத்தால் கியூ என்ற விரைவுச் சேர்ப்பையும் தவிர்த்துவிடுங்கள். அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாராமல் கடைசியில் ஒட்டும், ஒரே பெயரில் இரண்டு உறுப்புகள் வந்துவிடும்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஏஆர் கோப்புறைப் பாதையை நினைவில் வைப்பதில்லை, கடைசிப் பெயரை மட்டும் எழுதும். மல்லிகை கோப்புறையில் ஒரு விலை.ஓ, கனகாம்பரம் கோப்புறையில் ஒரு விலை.ஓ என்று வைத்து, முதல் கட்டளையில் ஒன்றையும் அடுத்த கட்டளையில் மற்றதையும் சேர்த்தால், இரண்டாவது முதலாவதை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஒரு எச்சரிக்கையும் வராது. கோப்புறை வேறாக இருந்தாலும் பெயரையும் வேறாக வையுங்கள்.

ஒரு கட்டை இன்னொரு கட்டுக்குள் வைக்கும் ஆசையும் வரும். ஏஆர் தடுக்காது, எதை வைத்தாலும் அதற்குச் சம்மதம். லிங்கர்தான் உள்ளே இருக்கும் ஏ கோப்பைத் திறந்து தேடாது. இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் தனித்தனிக் கோப்புறைகளில் ஏஆர் எக்ஸ் போட்டுப் பிரித்து, கிடைக்கும் எல்லா ஓ கோப்புகளையும் ஒன்றாகக் கட்டுங்கள். தனிக் கோப்புறை கட்டாயம். ஒரே பெயருள்ளவை ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்துபோகும்.

வீட்டில் ஒரு கணினி, ஆய்வகத்தில் வேறு கணினி என்று வேலை செய்பவர்களுக்கு 32 பிட், 64 பிட் கலப்பு வரலாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் ஒட்டன்சத்திரம், நத்தம், வத்தலக்குண்டு வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அப்படியொரு பழைய கணினியில் 32 பிட் முறைமை இருந்து, அதில் கட்டிய லிப்மண்டி.ஏவை ஆய்வகத்தின் 64 பிட் கணினிக்குக் கொண்டுபோனால், ஏஆர் டி அழகாகப் பட்டியல் காட்டும். லிங்கர் மட்டும், பொருந்தாத லிப்மண்டி.ஏவைத் தாண்டிப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, மண்டி கிடைக்கவில்லை என்று முடிக்கும். கோப்பு கண்முன் இருக்கும்போது கிடைக்கவில்லை என்கிறதே என்று குழம்ப வேண்டாம். மேலே உள்ள வரியைப் படியுங்கள். ஃபைல் கட்டளையை ஒரு ஓ கோப்பின்மேல் ஓட்டினால் எத்தனை பிட் என்று சொல்லிவிடும்.

எல்டிஓ என்ற லிங்க் நேர மெருகேற்றத்தோடு கம்பைல் செய்தால் வெறும் ஏஆருக்குப் பதில் ஜிசிசி-ஏஆர் பயன்படுத்துங்கள். அந்த ஓ கோப்புகளின் சிம்பல்களைப் படிக்கக் கம்பைலரின் உதவி தேவை.

முன்பு சொன்ன விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய அது டெபியன் வழி வந்தது, அதன் மென்பொருள்கள் டெப் கோப்புகளாக வரும். உபுண்டுவிலும் அப்படியே. டெப் கோப்பு என்பது வேறொன்றுமில்லை, ஏஆர் கட்டிய கட்டுதான். தமிழ் எழுத்துரு ஒன்றையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். டெபியனில் லோகித் தமிழ் எழுத்துருவின் பொதியை இறக்க:

ஆப்ட் டவுன்லோட் ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்

இதற்கு ரூட் அனுமதி வேண்டாம். கோப்பு வந்ததும் அதன்மேல் ஏஆர் டி போடுங்கள். மூன்று உறுப்பு வரும். முதலாவது டெபியன்-பைனரி, ஏஆர் பி போட்டு அதைத் திரையில் காட்டச் சொன்னால் 2.0 என்று வடிவ எண் மட்டும் இருக்கும். இரண்டாவது கன்ட்ரோல் என்று தொடங்கும் டார் கோப்பு: பொதியின் பெயர், பதிப்பு, அது எதைச் சார்ந்திருக்கிறது என்ற விவரம். மூன்றாவது டேட்டா என்று தொடங்கும் டார் கோப்பு, எழுத்துரு அதற்குள். ஏஆர் எக்ஸ் போட்டு மூன்றையும் வெளியே எடுத்து, டேட்டாவை டார் -டிஎஃப் என்று பட்டியலிட்டால் லோகித்-தமிழ் என்ற டிடிஎஃப் கோப்பைக் காண்பீர்கள். இங்கே என்எம் -எஸ் போட்டால் அட்டவணை எதுவும் வராது, உள்ளே ஒரு ஆப்ஜெக்ட் கோப்புகூட இல்லை. இணையம் அறுந்துபோன கணினியில் நிறுவல் பாதியில் நின்றுவிட்டாலும், பொதிக்குள்ளிருந்து ஒரே ஒரு கோப்பை மீட்க இந்த வழி போதும். திரும்பக் கட்டுவதாக இருந்தால் டெபியன்-பைனரி முதலில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இங்கே உறுப்புகளின் வரிசை முக்கியம்.

ரஸ்ட் மொழியின் ஆர்லிப் கோப்புகளும் இதே வடிவம்தான். அந்த மொழி படிப்பவர்கள் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்கு முன் இரண்டு பயிற்சி. முதலாவது: ரசீது.சிக்கு ஆறு குறியீட்டில் ஒரு பெயர், மூன்று குறியீட்டில் ஒரு பெயர் என்று மாற்றி மாற்றிக் கட்டி, ஹெக்ஸ்டம்ப்பில் பெயர் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். இரண்டாவதற்கு இருவர் வேண்டும். ஒரே மூலக் கோப்புகள், ஒரே ஜிசிசி பதிப்பு, ஒரே குறிகள், பிழைதேடும் விவரம் சேர்க்கும் -ஜி வேண்டாம். இருவரும் தனித்தனியாக லிப்மண்டி.ஏவைக் கட்டி எஸ்எச்ஏ256சம் போடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். பிறகு ஒருவர் மட்டும் பெரிய யு சேர்த்துக் கட்டி மறுபடி ஒப்பிடுங்கள். எண் மாறியிருக்கும். சிஎம்பி -எல் கட்டளை எந்தெந்த பைட் வேறுபடுகிறது என்று காட்டும். அவை 60 பைட் சீட்டின் எந்தக் கட்டத்துக்குள் விழுகின்றன என்று கணக்கிட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.